செவ்வாய், வெள்ளி, இரண்டாம் ஷிப்ட்

பெரியாஸ்பத்திரிக்கு மதுரையில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.
உள்ளே நுழைந்த பிறகு
டயாலிசிஸ் வார்டுக்கு
அவரவரே வழி கண்டுபிடித்து வந்தோம்.

பதினொன்றரைக்குக் கட்டில்.
இரண்டு ஊசி, நாலு மணி நேரம்.
இடது கை அசையக் கூடாது.
வலது கையில் போன், காதில் ஒயர்.
முதல் மாதம் யாரும் யாரோடும் பேசவில்லை.
பிறகு பக்கத்துக் கட்டில் சிக்கந்தர்தான் கேட்டார்:
"இப்ப என்னக்கா ஓடுது உங்க காதுல?"

"கல்யாணி" என்றேன். "ஆலாபனை."
பொய்.

சிக்கந்தருக்கு முழுப் பாட்டு வேண்டாம்.
இரண்டாவது சரணத்துக்கு முன்னால்
ஒரு வயலின் மேலே ஏறி
வந்த வேலை மறந்ததுபோல் நின்று
வேறு பக்கமாக இறங்குகிறது.
பதினாலு நொடி.
அதையே தள்ளித் தள்ளிக் கேட்கிறார்.
"பாடுறவுங்க எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.
இது ஒண்ணும் சொல்லல. அதான்."

துளசிராம், கிருஷ்ணாபுரம் காலனி, கணக்கு எழுதுகிறவர்.
நாகஸ்வரம் தவிர எதுவும் காதில் ஏறாது.
மெஷின் அலாரம் கத்துவது
சரியாக இரண்டரைக் கட்டையில் என்று கண்டுபிடித்தவர் அவர்.
அதே சுருதியில் ஒரு தோடி தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்.
"கத்தட்டுமே.
ஒத்து ஊதுறான்னு நெனச்சுக்குவேன்."

ஞானஒளிவுபுரம் ஜெசிந்தாவுக்கு இருபத்திநாலு.
சாவுக்குத்து மேளம், முழு வால்யூமில்.
மற்றதெல்லாம் அசையாமல் கிடக்க
போர்வைக்குள் கால்விரல் பத்தும் தெருவில் இறங்கும்.
"ஏன் இது?"
"ஏன்னு கேட்டா நின்னுரும்க்கா."

சோழவந்தான் பவுன்ராஜ்
ஒரு காதிலிருந்து ஒயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.
பாட்டு இல்லை.
பம்புசெட்டு மோட்டார். தொட்டியில் தண்ணீர் விழுகிறது.
விழுந்துகொண்டே இருக்கிறது.
இடையில் ஒரு தவிட்டுக்குருவி, யாரோ வாளி வைக்கும் சத்தம்.
எங்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான்,
மோர், காபி, மாத்திரை முழுங்குகிற தண்ணி எல்லாம் சேர்த்து.
"கேட்டுப் பாருங்க, அடங்கும்" என்றார்.
எனக்கு அடங்கவில்லை.
ஆனால் ஒயரைத் திருப்பிக் கொடுக்க நேரமானது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
கண் அசந்ததில் என் போன் நழுவி
ஒயர் பிடுங்கிக்கொண்டது.
வார்டு முழுக்கக் கேட்டது:

சட்டி வேணுமா, பானை வேணுமா,
சீரு வரிசைத் தேக்சா வேணுமா...

சிஸ்டர் திரும்பினார்.
நான் ஒற்றைக் கையால் துழாவிக்கொண்டிருக்கும்போதே
சிக்கந்தர் கண்ணை மூடியபடி முடித்து வைத்தார்:
கீழமாசி வீதிக்கு வந்தா தேவை தீருமம்மா.

"எங்க தெருவுல ஆட்டோவுல கட்டிக்கிட்டு வருவாய்ங்க" என்றார்.
"நான் அப்ப எட்டாப்பு.
அந்தப் பொம்பள யாருன்னு
எங்களுக்குள்ள ஒரு சண்டையே நடக்கும்."

நான்தான் என்றேன்.
இருநூறு ரூபாயும் நாலடுக்கு டிபன் கேரியரும் கொடுத்தார்கள்.
கடை மூடிப் பல வருஷம்.
கேரியரில் இரண்டடுக்கு இன்னும் இருக்கிறது.
கேசட்டை டவுன்ஹால் ரோட்டில் கொடுத்து
போனில் ஏற்றி வாங்கினேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
நானே சொன்னேன்:
அந்தக் கடைசி 'அம்மா' இருக்கிறதே,
அதில் ஒரே மூச்சில் ஒன்பது எண்ணும்வரை நிற்கிறேன்.
இப்போது மூன்று.
நுரையீரலில் நீர் கோத்த வாரங்களில்
அதுவும் இல்லை.
இந்தக் கட்டிலில் படுத்து எண்ணுகிறேன்.
அவள் ஒன்பது வரைக்கும் போய்வருகிறாள்.

நாலு மெஷினும் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம்.
பவுன்ராஜ் தொண்டையைச் செருமினார், பேசவில்லை.
ஜெசிந்தா மட்டும்
"எனக்கு அனுப்பிவிடுக்கா" என்றாள்.

துளசிராம் வெகுநேரம் யோசித்துவிட்டு,
"ரெண்டாவது வரியில
சுருதி ஒரு நூல் கீழ இருக்கு" என்றார்.

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்" என்றேன்.
அதுவும் பொய்.